எழுபது வளைவு ஏறினால் ஆன்டெனா நல்லதாகிவிடுமா?

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் மூன்று வகை உண்டு. ஆகாய கங்கையில் குளிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. அறப்பளீஸ்வரரைக் கும்பிடப் போகிறவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது வகை கொஞ்சம் அபூர்வம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி, செம்மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் மிளகுத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் செம்புக் கம்பி கட்டி, ரேடியோவை ஆன் பண்ணி, எஸ்-மீட்டர் முள் ஒன்பதைத் தாண்டி நிற்பதைப் படம் பிடித்து, "இந்த ஆன்டெனா சும்மா பின்னுது மச்சி!" என்று நாலு பேருக்கு அனுப்புகிற வகை.

பின்னுவது எது? ஆன்டெனாவா, மலையா, அன்றைய வானமா, வெறும் இரைச்சலா? அந்தப் படத்தில் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் அந்தப் படத்தை நம்பி ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு கல்லூரிப் பையன் மூன்று மாதப் பாக்கெட் மணியைச் சேர்த்து அதே ஆன்டெனாவை வாங்குவான். வீட்டு மொட்டை மாடியில் மாட்டுவான். கர்ர்ர்... என்று இரைச்சல்தான் வரும். "நமக்கு ராசி இல்லை" என்று பெட்டியை மூடிப் பரணில் போடுவான். பொழுதுபோக்கும் போச்சு, காசும் போச்சு.

இந்த ஜல்லியடி நிற்க வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு நல்ல தராசும் இருக்கிறது. அது தினமும் கடல் மேல் பறந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் இப்போது புழக்கத்தில் இருக்கும் கள்ளத் தராசுகளைப் பார்த்துவிடலாம்.

முதல் கள்ளத் தராசு எஸ்-மீட்டர். ரிசீவருக்குள் வந்து விழுந்தது மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் அது காட்டும். அதில் சிக்னல் எவ்வளவு, குப்பை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கம்பியை நீட்டினாலும் சரி, ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் சரி, சிக்னலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். முள் குதிக்கும், காதில் விழுவது அதேதான். டர்னோவர் வேறு, லாபம் வேறு என்பது முதல் வருஷ பி.காம் பையனுக்கே தெரியும். ஆன்டெனா விஷயத்தில் மட்டும் பெரிய பெரிய ஆட்கள்கூட டர்னோவரைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள்.

சிற்றலையில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் பெரும்பாலும் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட அதிகம். சந்தேகம் இருந்தால் ஆன்டெனாவைப் பிடுங்கிப் பார்க்கலாம். இரைச்சல் சட்டென்று விழுந்தால், வானத்தின் இரைச்சல் ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பெருக்குவதில் பயன் இல்லை. தேவைப்படுவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளிதான் லாபம்.

இரண்டாவது, காது. "முப்பது வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்பார்கள் பெரியவர்கள். அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ரேடியோவுக்குள் இருக்கும் ஏஜிசி என்ற சுற்று, பலமான சிக்னலையும் பலவீனமான சிக்னலையும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவதற்காகவே வைக்கப்பட்டது. வித்தியாசத்தை மறைக்கும் கருவியை நடுவில் வைத்துக்கொண்டு காதால் வித்தியாசம் தேடுவது எப்படி?

மூன்றாவது, எஸ்டபிள்யூஆர். "1.2 வருது பாருங்க" என்று ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். ஒலிபரப்புகிறவருக்கு அது முக்கியம். வெறுமனே கேட்கிறவருக்கு அது இரண்டாம்பட்சம். ஒரு டம்மி லோடுக்கும் அருமையான எஸ்டபிள்யூஆர் வரும். அதில் ஒரு நிலையமும் கேட்காது :-)

நான்காவது, சின்போ. தமிழ்நாட்டு சிற்றலை நேயர்களுக்கு இது பரம்பரைச் சொத்து. பலம், குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு நிலையத்துக்கு எழுதி அனுப்பினால் வண்ண அட்டை வரும். அந்த அட்டைக்கு ஆசைப்பட்டு மூன்றை ஐந்தாக்கிய கைகள் எத்தனை! ஒருவருடைய நான்கு இன்னொருவருக்கு இரண்டு. அதோடு நிலையங்களும் குறைந்துவிட்டன. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. மிச்சம் இருக்கும் பெரிய நிலையங்கள் 100, 250 கிலோவாட் என்று கொட்டுகின்றன. கொடிக் கம்பியை மாட்டினாலும் அவை கேட்கும். எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குகிற பரீட்சையில் முதல் ரேங்க் யாருக்குக் கொடுப்பது?

சரி, நல்ல தராசு எது?

வங்காள விரிகுடாவின் நடுவே 35,000 அடியில் ஒரு விமானம் போகிறது. விமானங்கள் வழக்கமாகப் பேசும் விஎச்எஃப் அலை நேர்கோட்டில்தான் போகும். அந்த உயரத்திலும் சுமார் 400 கிலோமீட்டருக்கு மேல் தரையை எட்டாது. நடுக்கடலில் என்ன செய்வது? செயற்கைக்கோள் ஒரு வழி. சிற்றலை இன்னொரு வழி. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலையில், குரலுக்குப் பதில் தரவாக அனுப்பும் முறைக்கு எச்எஃப்டிஎல் என்று பெயர். 1990-களில் அமெரிக்காவின் ஏரின்க் நிறுவனம் இந்தச் சேவையைத் தொடங்கியது. 2013-இல் ராக்வெல் காலின்ஸ் அதை வாங்கியது. 2018 முதல் காலின்ஸ் ஏரோஸ்பேஸ் என்ற பெயரில் இருக்கிறது.

உலகம் முழுக்க இதற்குப் பதினைந்து சொச்சம் தரை நிலையங்கள்தான். கொல்லிமலையிலிருந்து பார்த்தால் கிழக்கே தாய்லாந்தின் ஹாட் யாய், சுமார் 2,500 கிலோமீட்டர். வடமேற்கே பஹ்ரைனின் அல் முஹர்ரக், சுமார் 3,300 கிலோமீட்டர். வடக்கே சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க், 5,000 கிலோமீட்டருக்கும் மேல். தென்மேற்கே ஜோஹன்னஸ்பர்க், 7,000-க்குக் கொஞ்சம் குறைவு. நான்கு திசையில் நான்கு தூரம். ஆன்டெனாவைப் பரீட்சிக்க இதைவிட வசதியாக யாராவது கேள்வித்தாள் தயாரித்துத் தருவார்களா?

இது நல்ல தராசு என்பதற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, இதில் அபிப்பிராயத்துக்கு வேலை இல்லை. ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண் வருகிறது. கணக்கு டேலி ஆனால் செய்தி வந்தது, ஆகவில்லை என்றால் வரவில்லை. "ஓரளவு வந்துச்சு", "லேசா கேட்டுச்சு" என்ற பேச்சே கிடையாது. எண்ண வேண்டியதுதான்.

இரண்டு, வரவேண்டியது எவ்வளவு என்பதும் தெரியும். எச்எஃப்டிஎல்லில் நேரம் 32 விநாடிச் சட்டங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு சட்டத்தில் 13 பகுதிகள். ஒவ்வொரு சட்டத்தின் தொடக்கத்திலும் தரை நிலையம் "இதோ இருக்கிறேன்" என்று ஒரு அடையாளத் துடிப்பு அனுப்பும். 32 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 112 அல்லது 113. ஒரு அலைவரிசை நாள் முழுக்க இயங்கினால் 2,700. இது கடன்காரர் பேரேடு மாதிரி. வரவேண்டிய தொகை தெரியும், வந்த தொகையை எழுதினால் வசூல் சதவீதம் வந்துவிடும். உதாரணத்துக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு ஆன்டெனாவில் 70 வந்தால் 62 சதவீதம், இன்னொன்றில் 45 வந்தால் 40 சதவீதம். எஸ்-மீட்டர் எந்தக் காலத்தில் இப்படிக் கணக்கு கொடுத்தது?

மூன்று, விமானம் அனுப்பும் செய்திகள் பலவற்றில் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அதை வரைபடத்தில் புள்ளியாக வைத்தால் ஆன்டெனா எந்தத் திசையில் குருடு என்று ஓரளவு தெரிந்துவிடும். அரபிக்கடல் பக்கம் புள்ளிகள் நிறைந்து, வங்காள விரிகுடா காலியாகக் கிடந்தால் லூப்பைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்கு, இது 3 மெகாஹெர்ட்ஸிலிருந்து 22 மெகாஹெர்ட்ஸ் வரை ஆங்காங்கே பரவியிருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினான் என்று புறநானூறு சொல்லும். ஆன்டெனா விற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் பெட்டியை ஓரியின் அம்பு மாதிரிதான் விற்கிறார்கள், எல்லாப் பட்டையையும் ஒன்றே துளைக்குமாம். துளைக்கிறதா என்று 6, 9, 11, 13, 18, 22 என்று பட்டை பட்டையாக எண்ணிப் பார்த்தால் அம்பு யானையோடு நின்றதா, உடும்பு வரை போனதா என்பது தெரிந்துபோகும்.

இதற்கு லட்சக்கணக்கில் செலவு இல்லை. சிற்றலை வாங்கும் எஸ்டிஆர் பெட்டி, ஒரு லேப்டாப், டம்ப்எச்எஃப்டிஎல் மாதிரி இலவச மென்பொருள், இவ்வளவுதான். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் பலவற்றை ஒரே நேரத்தில் எண்ணலாம். ஒவ்வொரு செய்தியும் நேரம், அலைவரிசை, சிக்னல் அளவு, இரைச்சல் அளவு என்று வரியாக விழுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் நல்ல தராசை வைத்தும் தப்பாக நிறுக்கலாம். அங்கேதான் அடுத்த ஜல்லி ஆரம்பிக்கும்.

"நேத்து சாயங்காலம் டைபோல்ல 300, இன்னிக்கு சாயங்காலம் லூப்ல 450. லூப்தான் ஜெயிச்சது!" இது செல்லாது. நேற்றைய வானமும் இன்றைய வானமும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை அருகே போகிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விடுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இந்த வட்டாரத்தில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் போடும் ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆக, இரண்டு ஆன்டெனாவும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரியான இரண்டு ரிசீவரில், ஒரே சேனல்களைக் கேட்க வேண்டும். பாதி நேரம் ஆனதும் ரிசீவர்களை இடம் மாற்ற வேண்டும். சந்தையில் மிளகு வாங்குகிறவர் சந்தேகம் வந்தால் தராசுத் தட்டை மாற்றிப் போட்டுப் பார்ப்பார் அல்லவா, அதே யுக்திதான். குறைந்தது ஒரு முழு நாள் ஓட வேண்டும். பகலில் திறக்கும் பட்டை வேறு, ராத்திரி திறக்கும் பட்டை வேறு.

அடுத்த தப்பு சராசரி. "வந்த செய்திகளோட சராசரி சிக்னல்-இரைச்சல் இடைவெளி இதுல ஜாஸ்தி, அதனால இது பெஸ்ட்." பார்த்தால் நியாயம் மாதிரிதான் தெரியும். ஆனால் நல்ல ஆன்டெனா பலவீனமான செய்திகளையும் பிடித்துக்கொண்டு வரும். அந்தப் பலவீனங்கள் சேர்ந்தால் சராசரி இறங்கும். மோசமான ஆன்டெனா பலசாலிகளை மட்டும் பிடிக்கும், சராசரி ஜம்மென்று இருக்கும். சுமாராகப் படிக்கிற பையன்களைப் பரீட்சைக்கே அனுப்பாமல் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிக்கூடக் கதைதான் இது.

சரியான முறை எளிமையானது. ஒவ்வொரு செய்தியையும் மூன்று கூடையில் போட வேண்டும். இரண்டிலும் வந்தது, முதலாவதில் மட்டும் வந்தது, இரண்டாவதில் மட்டும் வந்தது. இரண்டிலும் வந்தது தீர்ப்பு சொல்லாது. மற்ற இரண்டு கூடைகளில்தான் சண்டை. உதாரணத்துக்கு, 1,000 செய்திகளில் 700 இரண்டிலும், 200 முதலாவதில் மட்டும், 100 இரண்டாவதில் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாக்கள் சமம் என்றால் அந்த 300-உம் நாணயம் சுண்டியது மாதிரி 150-150 என்று பிரிய வேண்டும், 17 முன்னே பின்னே இருக்கலாம். 200 வந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் பத்து நிமிஷம் ஓட்டி 12-க்கு 9 என்று வந்ததை வைத்துக் கொடி நாட்டினால் அது அதிர்ஷ்டமாகவே இருக்கலாம். ஒரே விமானம் அடுத்தடுத்து அனுப்பும் செய்திகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இன்னொரு நாளும் ஓட்டி அதே விடை வருகிறதா என்று பார்ப்பது உத்தமம்.

எதிர்க்கேள்விகள் வரும்.

"அமெச்சூர்கள் விஸ்பர் வெச்சிருக்காங்களே?" இருக்கிறது, அதுவும் நல்ல தராசுதான். சக்தி எத்தனை வாட் என்பதைக்கூட அது செய்தியிலேயே சொல்லிவிடும். ஆனால் அது ஆர்வலர்கள் விருப்பப்பட்டபோது போடுவது, அமெச்சூர் பட்டைகளுக்குள் மட்டும் இருப்பது. விமான நிலையமோ 32 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும். இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. எஸ்-மீட்டரை மட்டும் வைத்துக்கொள்வதுதான் தப்பு.

"இது எல்லாத்தையும் அளந்துடுமா?" அளக்காது. தொலைதூரத்திலிருந்து தாழ்வான கோணத்தில் வரும் சிக்னலைத்தான் இது அதிகம் சோதிக்கிறது. உச்சந்தலைக்கு மேலிருந்து வரும் பக்கத்து ஊர் ஒலிபரப்பையோ மீடியம் வேவையோ பற்றி இது அதிகம் சொல்லாது. ஒரு தராசு எதை நிறுக்காது என்று தெரிந்துகொண்டு நிறுப்பதுதான் நேர்மை.

"அடுத்தவங்க செய்தியைக் கேக்கறது சரியா?" எண்ணுவதற்கு உள்ளடக்கமே தேவையில்லை. செய்தியைப் படமெடுத்து ஊரெல்லாம் ஒட்டுவது மரியாதையும் இல்லை, சட்டச் சிக்கலையும் இழுக்கும். எண்ணிக்கை, நேரம், திசை போதும்.

இப்போது தலைப்புக் கேள்வி. எழுபது வளைவு ஏறினால் ஆன்டெனா நல்லதாகிவிடுமா?

ஆகாது. எஃப்எம்முக்கு உயரம் உதவும். சிற்றலை 200, 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து திரும்பி வருகிறது. அதற்கு முன்னால் மலையின் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. மலை தருவது அமைதி. உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இரைச்சல் கணக்குப்படி, 10 மெகாஹெர்ட்ஸில் நகரத்துக்கும் அமைதியான நாட்டுப்புறத்துக்கும் மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சலில் சுமார் 24 டெசிபல் வித்தியாசம், அதாவது 250 மடங்கு. எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், கேபிள் பெட்டி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. மலைக்குப் போய் எந்தக் கம்பியைக் கட்டினாலும் பின்னும். பின்னியது கம்பி இல்லை.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. அமைதியான மலையில் ஜெயிக்கிற ஆன்டெனா, இரைச்சலான ஊரில் தோற்கலாம். மலையில் இரைச்சல் குறைவு என்பதால் சின்ன லூப்பின் ஆம்ப்ளிஃபையரே போடும் சத்தம் வெளியே தெரிந்து அதன் மானத்தை வாங்கும். ஊரிலோ அதே சின்ன லூப், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இருக்கும் திசையைத் தவிர்க்கிற மாதிரி திருப்பி வைத்தால், நீளக் கம்பியைத் தோற்கடிக்கலாம். ஆகவே "எது நல்ல ஆன்டெனா" என்ற கேள்வியே அரைக் கேள்வி. "எந்த இடத்தில், எந்தப் பட்டையில், எந்தத் திசைக்கு" என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி.

கொல்லிமலைக்குப் போக வேண்டாமா என்றால், தாராளமாகப் போகலாம். இரண்டு ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு, ஒன்றையொன்று பாதிக்காத தூரத்தில் கட்டி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டி, ஒரு இரவும் பகலும் எண்ணலாம். திரும்பி வந்து அதே இரண்டையும் மொட்டை மாடியில் கட்டி இன்னொரு முறை எண்ணலாம். இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ராசிபுரத்துப் பையனுக்கு அது உண்மையிலேயே உதவும். வாங்கலாமா வேண்டாமா என்று அவனே முடிவு செய்துகொள்வான். ஒருவேளை அவனுக்குத் தேவை புது ஆன்டெனாவே இல்லை, ஒரு மட்டமான சார்ஜரைத் தூக்கி எறிவதுதான் என்றுகூடத் தெரியவரும். அந்த வைத்தியத்துக்குச் செலவே இல்லை.

முள்ளைப் படம் எடுத்தது போதும். எண்ணத் தொடங்கட்டும்.

டிஸ்கி: மேலே "உதாரணத்துக்கு" என்று போட்ட எண்கள் உதாரணம்தான், யாரும் நிறுத்துப் பார்த்தவை அல்ல. மழை, இடி இருக்கும் நாளில் மலையில் கம்பி கட்டுவது வீரம் இல்லை, முட்டாள்தனம். வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் கட்டுவதும் அதே கணக்கில்தான் சேரும் :-)